காய்ச்சல் கணக்கெடுக்க வருபவர் என்ன எழுதிக்கொண்டு போகிறார்?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் தெருக்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வருவதைப் பார்க்கிறோம். "வீட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?" என்று கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பல வீடுகளில் கதவைத் திறக்காமலேயே "யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். உள்ளே ஒரு பிள்ளை மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கும். யாரும் திட்டமிட்டு மறைப்பதில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்களோ, தெருவில் பேர் வந்துவிடுமோ, வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும்போது எதற்கு வம்பு என்ற எண்ணம்தான்.

அந்த "இல்லை" எங்கே போய்ச் சேர்கிறது? அது "ஆமாம்" என்று இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும்? தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை நோயையும் விபத்தையும் எப்படிப் பின்தொடர்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

சிகிச்சை வேறு, தடுப்பு வேறு

ஆஸ்பத்திரி என்பது நோய் வந்தவருக்கு. பொது சுகாதாரம் என்பது அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒருவருக்கு டைபாய்டு வந்தால் மருத்துவர் அவருக்கு மருந்து தருகிறார். அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறதா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை கிடையாது. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த இரண்டும் ஒரே துறையில் கலந்து கிடக்கின்றன. அப்படியிருந்தால் அவசர சிகிச்சைக்கே ஆளும் பணமும் போய்விடும். தமிழ்நாட்டில் 'பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை' என்று தனி இயக்ககம் இருக்கிறது. அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற அதிகாரிகள், சுகாதார ஆய்வாளர்கள், பூச்சியியல் வல்லுநர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் என்று மேலிருந்து கீழ் வரை ஒரு வரிசை இருக்கிறது. சட்டமும் பழையது. 1939ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே இத்துறைக்கென்று வந்த முதல் முழுமையான சட்டம். இன்றும் அது தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. சில நோய்களை 'அறிவிக்கப்பட்ட நோய்' என்று அரசு அதில் சேர்த்துவிட்டால், அந்த நோயைக் கண்ட மருத்துவர் அதிகாரிகளுக்குத் தகவல் தந்தே ஆகவேண்டும். 2024 நவம்பரில் பாம்புக்கடியும் இப்படிச் சேர்க்கப்பட்டது. எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு விஷமுறிவு மருந்து வைத்திருப்பது என்று முடிவு செய்ய முடியும்.

ஒரு காய்ச்சல் செய்தியாக மாறுவது

நாடு முழுவதும் 2004ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. செவிலியரும் களப்பணியாளரும் நிரப்புவது எஸ் படிவம். அதில் நோயின் பெயர் இருக்காது, அறிகுறி மட்டும்தான்: காய்ச்சல், தடிப்புடன் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, திடீரென்று கை கால் தளர்தல். மருத்துவர் பரிசோதித்து இன்னதாக இருக்கலாம் என்று எழுதுவது பி படிவம். ரத்தப் பரிசோதனையில் உறுதியானதை எழுதுவது எல் படிவம்.

உறுதியானதை மட்டும் எண்ணினால் போதாதா என்று தோன்றும். போதாது. ஆய்வக முடிவு வரும்போது நோய் பத்து வீடு தாண்டியிருக்கும். ஒரு தெருவில் ஒரே வாரத்தில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எஸ் படிவம் காட்டும்போதே குழாயைப் போய்ப் பார்த்துவிடலாம். அது காலராவா வேறெதுவுமா என்பது பிறகு தெரிந்துகொள்ள வேண்டியது. குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னப் புட்டி சுகாதார ஆய்வாளரின் பையிலேயே இருக்கிறது.

முன்பு இந்தப் படிவங்கள் வாரம் ஒருமுறை போயின. 2021 ஏப்ரலில் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்ற இணைய முறை வந்தது. அதன்பின் அன்றன்றே, இடத்தின் வரைபடக் குறியீட்டோடு ஏற்ற முடிகிறது. 18 நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்த முறை 33 நோய்களுக்கு விரிந்தது. மாவட்டத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பவர் எண்ணிக்கை பெரிதா சிறிதா என்று மட்டும் பார்ப்பதில்லை. போன வாரம் இந்த ஊரில் எவ்வளவு, சென்ற ஆண்டுகளில் இதே வாரத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுகிறார். நூறு காய்ச்சல் வழக்கமாக வரும் நகரத்தில் நூற்றைந்து வந்தால் பதற்றம் இல்லை. ஒன்றும் வராத தெருவில் மூன்று வந்தால் ஆள் அனுப்பவேண்டும்.

கடையநல்லூர் நினைவிருக்கிறதா?

2012ல் நம் சமுதாய மக்கள் பெருவாரியாக வாழும் கடையநல்லூரில் டெங்கு பரவியதை அன்றைக்கு அங்கிருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிக பாதிப்பு அந்த ஆண்டு நம் மாநிலத்தில்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. பல நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம், சின்டெக்ஸ், சிமெண்ட் தொட்டி, குடம் என்று நிரப்பி வைப்போம். தண்ணீர்ப் பஞ்சமே கொசுவுக்கு வாழ்வு கொடுக்கிறது. இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறப்பதில்லை. ஆகவே நம் பிள்ளையைக் கடித்த கொசு நம் வீட்டிலோ, அடுத்த இரண்டு மூன்று தெருக்களிலோ பிறந்ததுதான். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்.

வீட்டுக்குள் வந்து டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்ப்பவர் கொசுப்புழுவைத் தேடுகிறார். நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் புழு இருந்தது, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்று இரண்டு கணக்கு எடுப்பார்கள். அந்த எண் கூடினால் இன்னும் ஒருவருக்கும் காய்ச்சல் வராவிட்டாலும் அந்தப் பகுதி ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். காய்ச்சல் கணக்கு நடந்ததைச் சொல்கிறது, புழுக் கணக்கு நடக்கப் போவதைச் சொல்கிறது. நாற்பது வீடுகள் கதவைத் திறக்காவிட்டால் அந்தத் தெருவின் கணக்கு மீதி அறுபது வீட்டுக் கணக்குதான். அதில் புழு இல்லையென்றால் தெருவே சுத்தம் என்று பதிவாகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் டெங்கு என்றதும் எழும் முதல் கோரிக்கை 'புகை அடிக்க வேண்டும்' என்பது. வார்டு உறுப்பினர்களுக்கும் அது பிடிக்கும், ஏனென்றால் புகை கண்ணுக்குத் தெரியும். ஆனால் புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. காய்ந்த தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை பக்கங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விட்டு வைத்த நம் பெரியவர்களின் பழக்கம் இந்த விஷயத்தில் நல்ல பழக்கம். மீன் புழுவைத் தின்றுவிடும்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி எழுகிறது. "எங்க தெருவுலயே இத்தனை பேருக்கு டெங்கு, பேப்பர்ல மாவட்டத்துக்கே கொஞ்சம்தான் போட்டிருக்கான், அரசு மறைக்குது" என்பார்கள். சில நேரம் மறைப்பும் நடக்கலாம். ஆனால் பெரும்பகுதி வித்தியாசத்துக்குக் காரணம் வேறு. தனியார் லேப்களில் நிமிடங்களில் முடிவு சொல்லும் அட்டைப் பரிசோதனையை அரசுக் கணக்கு ஏற்பதில்லை. எலிசா முறையில் உறுதியானதை மட்டுமே டெங்கு என்று சேர்க்கிறார்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் ஒரு பரிசோதனை, அதன்பின் வேறு பரிசோதனை. நாள் தவறிப் போய் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். தனியாரில் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டவரின் மாதிரி அரசு ஆய்வகத்துக்குப் போகாவிட்டால் அவர் கணக்கிலேயே இல்லை.

ஒன்றும் இல்லை என்ற அறிக்கை

ஒரு மாவட்டத்திலிருந்து "எங்களிடம் நோயே இல்லை" என்று அறிக்கை வந்தால் மேலிடத்தில் மகிழ்ச்சியடைவார்கள் என்று நினைக்கிறோம். நிலைமை நேர்மாறு. போலியோ ஒழிப்பில் இதை ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள்.

பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் போலியோவோ வேறெதுவோ, உடனே தகவல் தரவேண்டும். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறுபது நாள் கழித்து அந்தப் பிள்ளையை மறுபடி பார்ப்பார்கள். போலியோ இல்லாத நாட்டிலும் வேறு காரணங்களால் லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்காவது ஆண்டுதோறும் இப்படித் தளர்ச்சி வரும். ஆகவே ஒரு மாவட்டம் ஒன்றுகூட அனுப்பவில்லையென்றால், அங்கே நோய் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "இன்று ஒன்றும் இல்லை" என்பதைக்கூட எழுதி அனுப்பவேண்டும். எழுதாமல் இருப்பதும் இல்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி, 2011 ஜனவரி 13ல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. அதற்கு முன் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சொட்டு மருந்தைப் பற்றி நம் மக்களிடையே வதந்தி பரவி, கதவுகள் மூடப்பட்டது வரலாறு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் போன்ற கல்வி நிறுவனங்களும், உலமாக்களும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் சேர்ந்த பிறகே அந்தக் கதவுகள் திறந்தன.

நம் மாநிலத்திலும் இதே கதை 2017 பிப்ரவரியில் நடந்தது. தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பலரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. முகாமின் கெடுவை அரசு நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியை நம்பியதில் எல்லாச் சமுதாயத்தினரும் உண்டு, நம்மவர்களும் உண்டு. ரூபெல்லா பிள்ளைகளுக்குச் சாதாரணத் தடிப்புக் காய்ச்சலாக வந்து போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும். அந்த ஊசி பெரும்பாலும் இன்னும் பிறக்காத குழந்தைக்காகப் போடப்படுவது.

கண்காணிப்பு எப்படித் தடுப்பாக மாறுகிறது என்பதற்கு ஹஜ் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1987ல் ஹாஜிகளிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. அதை ஏற்படுத்திய கிருமி ஏ வகை என்று கண்டறிந்து, சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ல் ஹஜ் முடித்துத் திரும்பியவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பல நாடுகளில் மறுபடி நோய் தெரிந்தது. ஒவ்வொரு நாட்டு ஆய்வகமும் வகை பிரித்துப் பார்த்தபோது அது டபிள்யூ135 என்ற வேறு வகை என்று தெரிந்தது. அதன்பிறகுதான் நான்கு வகைகளுக்கும் சேர்த்த தடுப்பூசி கட்டாயமானது. ஹஜ் முகாமில் நம் கையில் போடப்படும் ஊசியில் ஏன் நான்கு வகை என்றால், இதுதான் காரணம்.

கணக்கெடுப்பு பழியாக மாறியபோது

நம் மக்களின் தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று எழுதினால் அது நேர்மையாக இருக்காது. 2020 மார்ச் இறுதியில் டெல்லி மர்கஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களைத் தேடியபோது, அன்றாட அறிக்கைகளில் அந்த எண்ணிக்கை தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டது. நோயாளியைத் தேடுவது சுகாதாரத் துறையின் கடமை. அந்த எண்ணைத் தொலைக்காட்சிகள் ஒரு சமுதாயத்தின் மீது பழியாக மாற்றியது வேறு விஷயம். காய்கறி விற்க வந்தவரைத் தெருவுக்குள் விடாத நாட்களை நாம் மறக்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு தமிழ்நாட்டின் அறிக்கையில் அது 'ஒரே மூலத்திலிருந்து பரவியவை' என்ற பொருளில் 'சிங்கிள் சோர்ஸ்' என்று மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பிரிவுத் தலைவரும் நோயாளிகளை மதம், இன அடிப்படையில் பிரிக்கக் கூடாது என்று அப்போதே சொன்னார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. குணமான தப்லீக் சகோதரர்கள் பலர் பிளாஸ்மா கொடுத்ததும் இதே ஆண்டில்தான்.

அந்த நிகழ்வின் இழப்பு நமக்கு மட்டுமல்ல. பழி வரும் என்று தெரிந்தால் எந்தச் சமுதாயமும் நோயைச் சொல்லாது. சொல்லாவிட்டால் பரவும். நோயாளியின் அடையாளத்தைக் காப்பது மரியாதைக்காக மட்டும் செய்யப்படுவதன்று, அது இல்லாமல் இந்தக் கணக்கே நடக்காது.

காசநோயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வீட்டில் ஒரு பெண் பிள்ளைக்குக் காசநோய் என்றால் திருமணப் பேச்சே நின்றுவிடும் என்று பயந்து, தூரத்து ஊர் தனியார் மருத்துவரிடம் போவோர் நம்மில் உண்டு. 2012 முதல் தனியார் மருத்துவரும் காசநோயை அரசுக்கு அறிவிக்க வேண்டும். 2018ல் அறிவிக்காதது தண்டனைக்குரியதாகவும் ஆனது. மருந்துக் கடைக்காரரும் காசநோய் மாத்திரை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவானால் மருந்து இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் அவர்களுக்கு நோய் வராமலிருக்க மாத்திரை தருவார்கள். பதிவாகாத நோயாளியின் வீட்டில் கைக்குழந்தை இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

2022ல் தமிழ்நாடு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. யோசனை எளிது. காசநோயால் இறப்போரில் பெரும்பகுதியினர் கண்டறிந்த முதல் வாரங்களிலேயே இறக்கிறார்கள். ஆகவே கண்டறிந்த அன்றே எடையும் உயரமும் பார்த்து, மிகவும் மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று செவிலியரே சோதித்து, ஆபத்தானவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் ஒன்றும் வேண்டாம். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மக்கள் எப்போது இறக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து வந்த திட்டம் இது.

பேசி முடித்துக்கொண்ட விபத்து

விபத்தை நாம் விதியென்று விட்டுவிடுகிறோம். சுகாதாரத் துறை அதையும் நோயைப் போலவே பார்க்கிறது: எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு? 2023ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 18,347 பேர். நாளுக்கு ஐம்பது ஜனாஸா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய 500 மீட்டர் நீளச் சாலையில் மூன்று ஆண்டுகளில் மரணம் அல்லது படுகாயம் ஏற்படுத்திய ஐந்து விபத்துகள் நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ அதைக் 'கரும்புள்ளி' என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகைப்படுத்துகிறது. அப்படி வகைப்படுத்தினால்தான் அங்கே வேகத்தடை, விளக்கு, நடுத்தடுப்பு என்று பணம் ஒதுக்கப்படும். இந்தக் கணக்கு காவல்துறைப் பதிவிலிருந்து வருகிறது. நம் ஊர்களில் என்ன நடக்கிறது? இரண்டு தரப்பும் தெரிந்தவர்கள், ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் கேட்டால் "மாடிப்படியில விழுந்துட்டார்" என்று ஏ.ஆர். பதிவில் எழுதச் சொல்வோம். சமரசம் நல்லதுதான். ஆனால் அதே வளைவில் நான்காவது முறை எலும்பு முறிந்த பிறகும் அரசின் வரைபடத்தில் அந்த வளைவு சுத்தமாக இருக்கும். வேகத்தடை கேட்டு மனு கொடுத்தால் "அங்கே விபத்துப் பதிவே இல்லையே" என்று பதில் வரும்.

சிகிச்சைப் பக்கம் தமிழ்நாடு கணிசமாக முன்னேறியிருக்கிறது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு அரசு மருத்துவமனைகளில் விபத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, ஆபத்தில் இருப்பவரை வரிசையில் நிறுத்தாமல் உடனே பார்க்கும் முறை வந்தது. 2021 டிசம்பர் 18ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கவேண்டியதில்லை, வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்ற பேதமும் இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, பின்னர் இரண்டு லட்சமாக உயர்ந்தது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, காவல்துறை அவரைச் சாட்சியாக வரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. 2019ன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ரமளான் இரவுகளில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராக பைக்கில் பறக்கும் நம் பிள்ளைகளை மட்டும் எந்தத் திட்டத்தாலும் நிறுத்த முடியவில்லை. அது வீட்டில் நிறுத்த வேண்டியது.

மரணத்தின் காரணம்

தமிழ்நாடு பெருமைப்படும் ஒரு விஷயம், பிரசவத்தில் தாய் இறப்பது குறைந்தது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய அளவில் அது 97. புதிய ஆஸ்பத்திரிகள், இலவச ஆம்புலன்ஸ் எல்லாம் காரணம்தான். ஆனால் இத்துறையில் இருப்பவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் தணிக்கை. எங்கே ஒரு தாய் இறந்தாலும் அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போய் எப்போது வலி வந்தது, யார் எப்போது அழைத்துச் சென்றார்கள், எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், ரத்தம் கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பிறகு மாவட்ட அளவில் உட்கார்ந்து எங்கே தவறியது என்று விவாதிக்கிறார்கள். மகளைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கேள்விகள் கொடுமையாகத் தோன்றும். அடுத்த வீட்டு மகளுக்கு அந்த ரத்தம் நேரத்தில் கிடைப்பது இந்தப் பதில்களால்தான்.

மற்ற மரணங்களுக்கு இந்த அக்கறை இல்லை. நம்மிடம் ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கும் வழக்கம் இருப்பதால், வீட்டில் நடக்கும் மரணங்களில் மருத்துவர் எழுதித் தரும் காரணச் சான்று பெரும்பாலும் வாங்கப்படுவதில்லை. அடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1969ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிந்தால் போதும். கடைசி நோயில் பார்த்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் கட்டணம் வாங்காமல் எழுதித் தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சொத்துக்கு வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும்போது ஓடுவதற்குப் பதில் அந்த வாரத்திலேயே வாங்கிவிடலாம்.

இது ஏன் முக்கியம்? 2020ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். எந்த ஊருக்கு முதலில் போவது, எந்தத் தெருவில் முகாம் போடுவது என்பதற்கு அங்கே மக்கள் எதனால் இறக்கிறார்கள் என்ற தகவல் வேண்டும்.

அந்தத் தகவலின் பாதி நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவின் மையவாடிப் பதிவேட்டிலும் பெயர், தகப்பனார் பெயர், தெரு, அடக்கம் செய்த தேதி ஆகியவை தலைமுறைகளாக எழுதப்பட்டு வருகின்றன. வயது, இறந்த காரணம் என்று இரண்டு கட்டங்களைக் கூட்ட ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து, ஐம்பது வயதுக்குள் இத்தனை பேர் மாரடைப்பில் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஜமாஅத் நிர்வாகம் அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்கலாம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குப் பெண் பணியாளரை அனுப்பச் சொல்லவும், அவரோடு மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புவதாகச் சொல்லவும் அதே சந்திப்பு போதும்.